ஊர் ஆவணங்களைக் காக்கப் பழைய கணினி ஒன்றும் ஃப்ரீபிஎஸ்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் பணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளை நான் தவறாமல் படித்து வருகிறேன். எத்தனை பக்கங்கள் மின்வடிவம் பெற்றன என்பதை அச்செய்திகள் சொல்கின்றன. அந்தப் பக்கங்கள் எந்த இயந்திரத்தில் இருக்கின்றன, பத்து ஆண்டுகள் கழித்தும் அவை பழுதின்றித் திறக்கும் என்பதற்கு என்ன உறுதி என்பதை எந்தச் செய்தியும் சொல்வதில்லை. இந்தக் கேள்வியை நாங்கள் கேட்கத் தவறியதால் எங்கள் ஊர் இழந்ததையும், பிறகு ஃப்ரீபிஎஸ்டி என்ற, நம் பக்கத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத, விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளத்தின்மீது நாங்கள் அமைத்த கோப்பு சேவையகத்தையும் (பல கணினிகள் பயன்படுத்தும் கோப்புகளை ஓரிடத்தில் வைத்திருந்து வழங்கும் கணினி) பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். கடிதம் நீளமானது, பிற ஊர் வாசகசாலைகளுக்குப் பயன்படும் என்பதால் இடம் தர வேண்டுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் ஒரு வாசகசாலை இருக்கிறது. 2014 முதல் 2019 வரை நாங்கள் சிலர் சேர்ந்து, ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளில் கிடந்த கோயில் கொடை நோட்டீஸ்கள், நாடக அறிவிப்புகள், திருமண வாழ்த்து மடல்கள், குளத்துப் பாசனக் கணக்குகள், சிறு பிரசுரங்கள் ஆகியவற்றை இரவல் வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தோம். வேலை முடிந்ததும் மூலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். படம் நம்மிடம் இருக்கிறதே என்ற நிம்மதி எங்களுக்கு. படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் முழுமையாக நகலெடுத்துப் பீரோவில் பூட்டி வைத்தோம். பொறுப்பாக நடந்துகொள்கிறோம் என்றே நம்பினோம்.

2021ஆம் ஆண்டில் ஆய்வு மாணவி ஒருவர் வந்து, 1938ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நாடக நோட்டீஸைக் கேட்டார். கோப்பைத் திறந்தபோது மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் தெரிந்தது; அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பீரோவிலிருந்த நகலை எடுத்தோம். அதிலும் அதே இடத்தில் அதே சாம்பல் நிறம். எங்கோ ஒரு கட்டத்தில் முதல் ஹார்ட் டிஸ்க்கில் சில பைட்டுகள் எவ்வித எச்சரிக்கையும் இல்லாமல் கெட்டிருக்கின்றன. நாங்கள் கெட்டுப்போன கோப்பை நல்ல நகலின்மீது எங்கள் கையாலேயே எழுதியிருக்கிறோம். மூலத்தைத் தேடி அந்த வீட்டுக்குப் போனோம். பெரியவர் இறந்து வீட்டை இடித்தபோது, கரையான் அரித்த பெட்டியோடு அதுவும் போய்விட்டது என்றார்கள். அன்றிரவு முழுவதும் கோப்புகளைத் திறந்து பார்த்ததில் மேலும் 23 படங்கள் இப்படிக் கெட்டிருந்தது தெரிந்தது.

இந்தக் குறை எப்படி நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலர் இன்றும் வைரஸ் என்றே நினைக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கின் காந்தப்பூச்சு, கேபிள், கட்டுப்பாட்டுச் சில்லு, நினைவகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தவறு செய்தால், எழுதியது ஒன்றாகவும் படிப்பது வேறாகவும் இருக்கக்கூடும். ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளை எழுதிப் படிக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறை என்று பெயர். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு முறைகள், படித்துக் கொடுக்கும் தரவு எழுதப்பட்ட தரவுதானா என்று சரிபார்ப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் எதைக் கொடுக்கிறதோ அதை அப்படியே நம்மிடம் தருகின்றன. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதும் சாதாரண இணை முறையாலும் இதற்கு முழுத் தீர்வு கிடைக்காது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இதை நன்கு அறிவார்கள்: இரண்டு ஏடுகள் இரண்டு பாடங்களைக் காட்டினால், எது சரியான பாடம் என்பதை ஏடுகளே சொல்லிவிடாது, பதிப்பாசிரியர் யாப்பையும் பொருளையும் உரையையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். படக் கோப்புகளுக்கு யாப்பு இல்லை. எனவே ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் எழுதும்போதே ஒரு கைரேகையை, அதாவது அந்தத் தரவிலிருந்து கணக்கிட்ட ஒரு சிறு எண்ணை, எடுத்து, அதைத் தரவோடு சேர்த்து வைக்காமல் வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

இதைத்தான் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறை செய்கிறது. ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் ஆகியோரின் தலைமையில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2005ஆம் ஆண்டு, நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது அது. ஒவ்வொரு தரவுத் துண்டின் கைரேகையும் அதைச் சுட்டும் மேல்நிலைத் துண்டில் பதிவாகிறது. அந்த மேல்நிலைத் துண்டின் கைரேகை அதற்கும் மேலே. இப்படி வேர் வரை சங்கிலியாகச் செல்கிறது. படிக்கும்போது கைரேகை பொருந்தவில்லையென்றால், இணை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சரியான தரவை எடுத்து நம்மிடம் கொடுப்பதோடு, கெட்டுப்போன இடத்தையும் திருத்தி எழுதிவிடுகிறது. பீரோவில் இருந்த எங்கள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கால் செய்ய முடியாமல் போனது இதுதான்.

ஃப்ரீபிஎஸ்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் இசட்எஃப்எஸ்தான். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் மரபிலிருந்து கிளைத்து, 1993 நவம்பரில் முதல் பதிப்பாக வெளிவந்த இயங்குதளம் இது. போலந்தைச் சேர்ந்த பாவெல் யாகுப் தவிதெக் 2007இல் இசட்எஃப்எஸ்ஸை இதற்குள் கொண்டுவந்தார். 2008 பிப்ரவரியில் வெளியான ஏழாம் பதிப்பிலிருந்து அது இயங்குதளத்தின் பகுதியாகவே வருகிறது. லினக்ஸ் என்ற மற்றொரு திறந்த மூல இயங்குதளத்திலும் இசட்எஃப்எஸ் உண்டு, நன்றாகவும் இயங்குகிறது. ஆனால் இரண்டின் உரிம நிபந்தனைகள் பொருந்தாததால் அது லினக்ஸின் கருவில், அதாவது அதன் மையப் பகுதியில், சேர்க்கப்படாமல் தனியாகப் பொருத்தப்படுகிறது. கருவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஆள் வேண்டும். எங்களிடம் அப்படி ஓர் ஆள் நிரந்தரமாக இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் நிறுவும்போதே இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். மேலும், அதன் கையேடு முழுமையாகவும் ஒழுங்காகவும் எழுதப்பட்டிருக்கிறது. இயற்பியல் பாடப்புத்தகத்தைப் படிப்பதைப்போல் முதல் பக்கத்திலிருந்து படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் படங்களை வழங்கும் தன் சேவையகங்களில் ஃப்ரீபிஎஸ்டியைத்தான் இயக்குகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் இது யாரோ பொழுதுபோக்குக்காகச் செய்த மென்பொருள் என்று எங்கள் நிர்வாகக் குழுவிலேயே சிலர் கருதினார்கள்.

இயந்திரத்துக்காக நாங்கள் அதிகம் செலவிடவில்லை. அலுவலகம் ஒன்று கழித்துக்கட்டிய, நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட கணினியை வாங்கினோம். இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி. தரவுக்கு இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்றுக்கொன்று இணையாக. இங்கே இரண்டு எச்சரிக்கைகளைப் பட்டறிந்து சொல்கிறேன். முதலாவது, ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது, எழுதும் தடங்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்க்க வேண்டும். பழுதான ஒன்றை மாற்றி மறுபடி நிரப்பும் வேளையில் அந்த வகை மிக மெதுவாகிவிடும். கடைக்காரரிடம் மாதிரி எண்ணைக் கேட்டு, அது எஸ்எம்ஆர் அல்ல என்று உறுதி செய்துகொண்டுதான் பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, மலிவான மதர்போர்டுகளில் உள்ள நெட்வொர்க் சில்லுகள் சில ஃப்ரீபிஎஸ்டியோடு ஒத்துப்போவதில்லை. எங்கள் கணினி பெரிய கோப்புகளை அனுப்பும்போது இணைப்பை இழந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் காரணம் தெரியாமல் தவித்தோம். பழைய இன்டெல் நெட்வொர்க் கார்டு ஒன்றை வாங்கிச் செருகியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. மின்தடை அடிக்கடி நேரும் ஊர் என்பதால் யூபிஎஸ் கட்டாயம். இசட்எஃப்எஸ் இருக்கும் தரவின்மீது எழுதாமல் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே, தரவின் இருப்பிடத்தைக் காட்டும் குறிப்பை மாற்றுவதால், மின்சாரம் திடீரென நின்றாலும் கோப்பு முறை பாதியில் நிற்பதில்லை. ஆயினும் இயந்திரப் பாகங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நிறுவுவதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு, விண்டோஸ் கணினிகள் இந்தச் சேவையகத்தைத் தங்கள் பக்கத்துக் கோப்புறையைப்போல் காணும்படி சாம்பா என்ற மென்பொருளைச் சேர்த்தோம். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவரும் திறந்த மூல மென்பொருள் அது. சேமிப்பிடத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தோம்: ஸ்கேன் ஆனவை வந்து சேரும் ‘வரவு’, சரிபார்த்த மூலப் படங்கள் இருக்கும் ‘காப்பு’, வாசகர்கள் பார்ப்பதற்கான சிறு படங்கள் இருக்கும் ‘பார்வை’. தன்னார்வலர்கள் ‘வரவு’ பகுதியில் மட்டுமே எழுத முடியும். ‘காப்பு’ பகுதி எப்போதும் எழுத முடியாத நிலையில் பூட்டப்பட்டிருக்கும். மாதத்தில் ஒரு நாள், இரண்டு பேர் உடனிருக்கும்போது மட்டும் பூட்டைத் திறந்து, சரிபார்த்தவற்றைச் சேர்த்துவிட்டு மீண்டும் பூட்டுகிறோம்.

ஓரிடத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மறுத்தோம். ஸ்கேன் செய்ததை நேரடியாகக் கோப்புறைக்கு அனுப்பும் வசதியுள்ள ஒரு பழைய நகல் இயந்திரம் எங்களிடம் உண்டு. கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பின்பற்றும் விதிகளாகிய பகிர்வு நெறிமுறையின் மிகப் பழைய முதல் பதிப்பில் மட்டுமே அது பேசும். அந்த முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைப்பண நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. சாம்பாவும் 2019 முதல் அந்தப் பதிப்பைத் தானாக ஏற்பதில்லை. ஒரு வரி மாற்றி அதை மீண்டும் திறந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நாங்கள் திறக்கவில்லை. அந்த இயந்திரத்தை ஒரு கணினியோடு யூஎஸ்பி வழியாக இணைத்து, அங்கிருந்து கோப்புகளை அனுப்புகிறோம். வேலை சற்றுக் கூடுதல்தான், கதவு பூட்டியிருக்கிறது.

அடுத்து, தமிழில் கோப்புப் பெயர் வைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சிக்கலை எந்த ஆங்கில வழிகாட்டியும் நமக்காக எழுதி வைக்கவில்லை. ‘கொற்கை’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தாகிய ‘கொ’வை, எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் பொதுத் தரமாகிய யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து எழுதுவது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சிட்டவை முதல் விதமாகவும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவையும் சில மேக் கணினிகளிலிருந்து வந்தவையும் இரண்டாம் விதமாகவும் எங்களிடம் சேர்ந்திருந்தன. விளைவு, ஒரே கோப்புறையில் ‘கொற்கை’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள். தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். எந்தக் கோப்பு கிடைக்கும் என்பது தேடுபவரின் கணினியைப் பொறுத்தது.

இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு வழி இருக்கிறது. பெயர்களை ஒப்பிடும்போது இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று ஒரு பண்பை அமைத்துவிடலாம். பிறகு அந்தப் பெயரில் இரண்டாவது கோப்பு உருவாகாது. ஆனால் சேமிப்புப் பகுதியை உருவாக்கும் அந்த ஒரு கணத்தில்தான் இந்தப் பண்பை அமைக்க முடியும். பின்னர் மாற்ற முடியாது. நாங்கள் முதல் முறை இதை அறியாமல், ஆயிரக்கணக்கான கோப்புகளை ஏற்றிய பிறகு, புதிதாகப் பகுதி உருவாக்கி அனைத்தையும் மீண்டும் நகர்த்த வேண்டியதாயிற்று. தமிழ்ப் பெயர்களோடு கோப்பு சேவையகம் அமைக்கும் யாரும் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிட வேண்டுமென்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஔகாரத்துக்கு மட்டும் இயந்திரத்தை நம்ப முடியாது: ‘கௌரவம்’ என்பதை முறையான ஔகாரக் குறியோடு எழுதாமல், கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிடும் வழக்கம் பரவியிருக்கிறது. இவை யூனிகோடின்படியே வெவ்வேறு எழுத்துகள். மனிதர் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

பெயரின் நீளமும் அப்படியே. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள்; உயிர்மெய் எழுத்தாகவோ புள்ளி வைத்த மெய்யாகவோ இருந்தால் பெரும்பாலும் இரண்டு குறிகள். ‘திருச்செந்தூர்’ என்ற ஏழெழுத்துச் சொல் மட்டுமே 42 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. இத்தகைய ஐந்து சொற்களுக்கு மேல் ஒரு பெயரில் அடங்காது. விண்டோஸ் பைட்டுகளை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால், அங்கே இடம் மும்மடங்கு. நம் பழைய பிரசுரங்களின் தலைப்புகளோ, பாடியவர், பாடுவித்தவர், பொருளுதவி செய்தவர் என எல்லோரையும் உள்ளடக்கியவை. தலைப்பை முழுமையாகக் கோப்புப் பெயராக வைத்திருந்த எங்கள் கோப்புகள் பல, விண்டோஸிலிருந்து நகர மறுத்தன. இப்போது கோப்புக்கு வரிசை எண்ணோடு சிறு பெயரும், முழுத் தலைப்புக்குத் தனி அட்டவணையும் வைத்திருக்கிறோம். நூலகவியல் படித்தவர்கள் இதை முதலிலேயே செய்திருப்பார்கள்.

ஸ்னாப்ஷாட் என்னும் வசதியின் மதிப்பை நாங்கள் உணர்ந்தது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில். இசட்எஃப்எஸ் பழைய தரவின்மேல் எழுதுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? அதனால், குறிப்பிட்ட நேரத்தில் சேமிப்பிடம் இருந்த நிலையை ஒரு நொடிக்குள் உறைய வைக்க முடிகிறது. அதன் பிறகு மாறியவற்றுக்கு மட்டுமே கூடுதல் இடம் தேவைப்படுகிறது. மணிக்கு ஒருமுறையும் நாளுக்கு ஒருமுறையும் மாதத்துக்கு ஒருமுறையும் இப்படி எடுக்கும்படி அமைத்திருந்தோம். ஒரு நாள் காலை, தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்துவிட்டார். அவர் கணினியில் இருந்த கோப்புகளோடு, அவருக்கு எழுத உரிமை இருந்த ‘வரவு’ பகுதிக் கோப்புகளும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் ஆங்கிலக் குறிப்பொன்று ஒவ்வொரு கோப்புறையிலும் கிடந்தது. ‘காப்பு’ பகுதியை அது தொடவில்லை. சேவையகத்தில் உறைந்திருக்கும் ஸ்னாப்ஷாட்டுகளைப் பகிர்வுக் கோப்புறை வழியாக வரும் யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாது. அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு, காலை ஒன்பது மணி ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினோம். இழந்தது அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் செய்திருந்த 14 பக்கங்கள். பிற்பகலில் அவற்றை மறுபடி எடுத்துவிட்டோம். தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டாலும் இப்போது யாரும் பதறுவதில்லை. விண்டோஸிலேயே ‘முந்தைய பதிப்புகள்’ என்ற இடத்தில் ஸ்னாப்ஷாட்டுகள் தெரியும்படி சாம்பாவில் அமைத்திருக்கிறோம்.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவான அந்த மழையில் தாமிரபரணி கரை கடந்தது. எங்கள் வாசகசாலைக்குள் முழங்கால் அளவுக்கு நீர் நின்றது. சேவையகம் பீரோவின் மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. பல நாட்கள் மின்சாரம் இல்லை, அதுவரை அது இயங்குமா என்று எங்களுக்குத் தெரியாது. எத்தனை கைரேகை பார்த்தாலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் அவை ஒன்றுதான் என்பதை அந்த நாட்களில்தான் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்துபோன ஏடுகளை நினைத்து வருந்துகிற நாம், நம் ஊர் ஆவணத்தின் ஒரே இருப்பிடமாக ஒரே கட்டடத்தை வைத்திருப்பது சரியல்ல.

இப்போது மதுரையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டில் இரண்டாவது இயந்திரம் இருக்கிறது. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையே மாறியதை மட்டும் பிரித்தெடுத்து இன்னொரு சேவையகத்துக்கு அனுப்பும் வசதி இசட்எஃப்எஸ்ஸிலேயே உள்ளது. முதல் முறை முழுத் தரவையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிப் பேருந்தில் கொண்டுபோனேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை, இரவு நேரத்தில், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் வழியாக மாற்றங்கள் தாமாகப் போய்ச் சேருகின்றன. இங்கே கைரேகை சரிபார்க்கப்பட்ட தரவே அங்கே போகிறது என்பதால், கெட்ட நகல் நல்ல நகலை அழிக்கும் பழைய விபத்து மீண்டும் நேராது.

இந்த முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் குறை, ஆள். எங்கள் பக்கத்துக் கணினிக் கடைகளில் ஃப்ரீபிஎஸ்டி என்ற பெயரைக் கேட்டவர் யாரும் இல்லை. பழுது ஏற்பட்டால் அழைத்தவுடன் வருவதற்கு ஒருவர் கிடைக்க மாட்டார். கட்டளைகளைத் தட்டச்சிட்டே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். திரையில் அழகான பொத்தான்கள் இல்லை. என் கவனக்குறைவால் நேர்ந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கோளாறு ஏற்பட்டால் மின்னஞ்சல் அனுப்பும்படி சேவையகத்தை அமைக்காமல் விட்டிருந்தேன். 2022இல் ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகி, 19 நாட்கள் ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில் சேவையகம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல் இயங்கியதால் எவருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் மற்றொன்றும் பழுதாகியிருந்தால், இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க முடியாது. இப்போது நாள்தோறும் காலையில் மூன்று பேருக்கு நிலவரம் மின்னஞ்சலில் வருகிறது. எல்லாத் தரவையும் முதலிலிருந்து படித்துக் கைரேகையோடு ஒப்பிடும் ஸ்கிரப் என்ற வேலையை 35 நாட்களுக்கு ஒருமுறை இயங்குதளமே செய்து முடிவைச் சொல்கிறது.

ஆள் இல்லை என்ற குறையை நாங்கள் எதிர்கொண்ட விதம், தமிழில் ஒரு குறிப்பேடு எழுதியதுதான். மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது, ஹார்ட் டிஸ்க்கை எப்படி மாற்றுவது, புதிய தன்னார்வலருக்கு எப்படிக் கணக்குத் தொடங்குவது என்று ஒவ்வொன்றையும், இயந்திரத்தின் முன் உட்கார்ந்து செய்துகொண்டே எழுதினோம். எழுதியவரல்லாத ஒருவர் அதை மட்டும் பார்த்துச் செய்து முடித்தால்தான் அந்தப் பக்கம் ஏற்கப்படும் என்று விதி வைத்தோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் இருவர், என் உதவி இல்லாமல், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தித் தரவை நிரப்பிக் காட்டினார்கள். நான் இல்லாத காலத்திலும் சேவையகம் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது அன்றுதான்.

இதை இப்போது எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் செயலியும் பாதுகாப்புச் சில்லும் இல்லாத கணினிகளை அலுவலகங்களும் கல்லூரிகளும் கழித்துக்கட்டி வருகின்றன. அவற்றுள் நல்ல நிலையில் உள்ளவை கோப்பு சேவையகமாகப் பல ஆண்டுகள் உழைக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் அவற்றை ஊர் வாசகசாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொடுப்பதற்கு எளிய நடைமுறை ஒன்றை அரசு வகுக்க வேண்டும். திறந்த மூல மென்பொருள் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல; சென்னையில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம், அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்றது.

மற்றது, மின்மயமாக்கும் பணிகளுக்கான ஒப்பந்தங்கள். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு, படங்களை ஹார்ட் டிஸ்க்கில் பெற்றுக்கொள்வதோடு பல இடங்களில் பணி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்து வரும் மாநிலம் நம்முடையது. அந்த வரிப்பணத்தில் ஸ்கேன் செய்யப்படும் எதுவும், கைரேகை சரிபார்க்கும் கோப்பு முறையில், வெவ்வேறு ஊர்களில் உள்ள இரண்டு இயந்திரங்களிலாவது இருக்க வேண்டும் என்பதையும், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாவது இயந்திரத்திலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து காட்ட வேண்டும் என்பதையும் ஒப்பந்த நிபந்தனையாகச் சேர்க்குமாறு பொது நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியாகவே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. சரிபார்ப்பு இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கெட்டுப்போன 24 படங்களில் 9 படங்களுக்கு மூலத்தை மீண்டும் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்துவிட்டோம். 1938ஆம் ஆண்டு நாடக நோட்டீஸ் இன்னும் கிடைக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பக்கத்து வீடுகளில் பழைய பெட்டிகளைத் திறக்கும் வாசகர்கள், அந்தக் காலத்து நாடக நோட்டீஸ் எது கண்ணில் பட்டாலும் உள்ளூர் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன். எங்கள் குறிப்பேட்டின் படி எந்த வாசகசாலை கேட்டாலும் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வருபவர்களுக்குச் சேவையகத்தைத் திறந்தே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.